ஒண்டுமில்லை என்று சொன்னவர்

அன்று அந்த நீள வாங்குப் பலகையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாய். மடியில் சோற்றுப் பார்சல். அடுத்தது அவரின் மகன். நிலத்தையே பார்த்தபடி இருந்தான். அதற்கடுத்து நல்லூர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பக்கம் புரட்டவே இல்லை. பிறகு பட்டணத்து முஸ்லிம் ஆள் ஒருவர். தன் தம்பியைக் கூட்டி வந்திருந்தார். தம்பி அவர் தோளில் சாய்ந்து கிடந்தான். பிறகு ஓட்டோக்காரர் ஒருவர், துவாயால் போர்த்திக்கொண்டு நடுங்கினார். பிறகு நான். கடைசியில் என் அத்தான்.

எல்லாரும் ஹெரோயின் தூளை விட வந்தவர்கள், இல்லாவிட்டால் அவர்களைக் கூட்டி வந்தவர்கள். இடம், பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்க விறாந்தை. வாட்டில் படுக்கத் தேவையில்லை, வந்து குளிசை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அத்தான் மட்டும் நிமிர்ந்து இருந்தார். நீளக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. தலை வாரி, திருநீறு பூசி, பொம்பிளை பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். தாதி வந்து என்னைத்தான் பார்த்தார். தாதியை நாங்கள் மிஸி என்போம்.

"தம்பி, நீங்களோ?"

"நானில்லை. இவர்."

மிஸி அத்தானை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை, மிஸி."

அவர் எப்போதும் சொல்வது அதைத்தான்.

அவர் என் அக்காவின் புருசன். பருத்தித்துறைக் கரை. நானும் அவரும் ஒரே வள்ளத்தில், ஒரே சம்மாட்டியிடம் தொழில் செய்தோம். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்கும் வலைக்கும் சொந்தக்காரர். இப்போது நான் கடலுக்குப் போவதில்லை. கொடிகாமத்தில் மீன் விற்கிறேன். இது சில வருடங்களுக்கு முந்திய கதை.

அக்காவைக் கட்டிய புதிதில் ஒரு நாள் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். அம்மா மிளகாய் அரைத்துப் போட்டார். அம்மா போட்டது தெரியாமல் அக்காவும் அரைத்துப் போட்டார். புது மாப்பிள்ளைக்கு முதல் வார்த்துக் கொடுத்தார்கள். அவர் ஊதி ஊதி முழுவதையும் குடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. காது சிவந்தது.

"எப்பிடி, அத்தான்?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு."

"கண் கலங்குது?"

"புகை."

அடுப்பு அணைந்து கன நேரம். அம்மா சந்தோசப்பட்டு இன்னும் வார்த்தார். அதையும் குடித்தார். பிறகு நான் வாய் வைத்தேன். கிணற்றடிக்கு ஓடினேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

"விசர் மனுசன்! வாய் திறந்து சொன்னால் என்ன?"

"உறைப்புத்தானே," என்றார் அவர். வீடு முழுக்கச் சிரித்தோம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தைத் தள்ளும் நேரத்தில் ஒருவன் 'நோகுது', 'ஏலாது' என்று சொன்னால் அவனை அன்று ஏற்றமாட்டார்கள். கோபத்தில் இல்லை. அந்தச் சொல்லோடு கடலுக்குப் போகக்கூடாது. அவன் இறங்கி நிற்பான். கரையில் சும்மா நிற்கிற இன்னொருவன் அவன் இடத்தில் ஏறுவான். சில வேளை அந்த இடம் திரும்பிக் கிடைக்காது. அதனால் காய்ச்சலோடும் போவோம், பல்லு நோவோடும் போவோம். எல்லாரும் கொஞ்சம் மறைப்போம். மற்றவர்கள் வீட்டுக்கு வந்து முனகுவார்கள். அத்தான் வீட்டிலும் முனகமாட்டார்.

ஒரு நாள் வலை இழுக்கும்போது திருக்கை வாலால் அடித்தது. முள் அவர் கெண்டைக்காலில் ஏறியது. நான் வள்ளத்தின் முன்னால், அணியப் பக்கம் நின்றேன், காணவில்லை. அவர் வலையை விடவில்லை. வள்ளத்துக்குள் கிடந்த தண்ணீர் சிவந்த பிறகுதான் சம்மாட்டி கேட்டார்.

"எங்காலை உந்த ரத்தம்?"

"மீன்ரை."

திருக்கை முள் ஏறினால் பெரிய ஆம்பிளைகள் மண்ணில் உருண்டு அழுவார்கள். நான் கண்டிருக்கிறேன். அவர் கரைக்கு வந்து, மீன் இறக்கி, வலை உதறி, அதற்குப் பிறகு காலைத் தூக்கி வள்ளத்து விளிம்பில் வைத்தார்.

"உதைக் கொஞ்சம் இழு, மச்சான்."

குறட்டால் இழுத்தேன். சதையும் சேர்ந்து வந்தது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் மேல் மரியாதை வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது.

அவருக்கு ஒரு மகள். அப்பாவின் பிள்ளை. சைக்கிள் பழகும்போது ஒழுங்கையில் விழுந்தாள். அவர் ஓடிப்போய்த் தூக்கினார்.

"என்ன, குட்டி?"

"ஒண்டுமில்லை, அப்பா."

அவர் அவள் தலையைத் தடவினார். முகத்தில் ஒரு பெருமை. அடுத்த நாள் பிள்ளை இடக்கையால் சோறு பிசைந்தாள். அக்கா ஏசினார்.

"என்னடி பழக்கம் உது? சோத்துக் கையாலை தின்."

பிள்ளை அப்போதும் வாய் திறக்கவில்லை. அக்கா அவளின் வலக்கையைப் பிடித்து மேலே எடுத்தார். மணிக்கட்டு வீங்கி நீலமாகக் கிடந்தது. எலும்பு வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடும்போதும் அவள் அழவில்லை. டொக்டர் 'கெட்டிக்காரி' என்றார். அக்கா வெளியில் வந்து அத்தானிடம் ஒன்று மட்டும் சொன்னார்.

"உங்கடை வருத்தம் பிள்ளைக்கும் ஒட்டிட்டுது."



தூள் வந்தது முதுகால். இஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக் கரையேறும்போது ஈர மண்ணில் சறுக்கினார். இஞ்சின் முதுகில் விழுந்தது. எழும்பினார். மண்ணைத் தட்டினார். திரும்ப அதைத் தோளில் தூக்கினார்.

"இஞ்சினுக்கு ஒண்டும் நடக்கேல்லை," என்று சம்மாட்டிக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. யாரோ ஒருவன் வலிக்குளிசை கொடுத்தான். அது இல்லாமல் எழும்ப முடியாது என்று ஆனது. பிறகு குளிசை கிடைக்காமல் போனது. தூள் கிடைத்தது.

எங்களுக்குக் கன காலம் தெரியாது. நோவைக் காட்டுகிற ஆள் என்றால் நோ குறைந்தாலும் தெரியும். இவருக்கு முன்னும் பின்னும் ஒரே முகம்.

ஒரு நாள் கடலில், வலைக்கயிறு கையில் இருக்க, நின்றபடியே தூங்கிவிட்டார். கயிறு ஓடியது. உள்ளங்கை கிழிந்தது. அப்போதும் விழிக்கவில்லை. நான்தான் கயிற்றைப் பிடித்தேன். சம்மாட்டி அவரின் கன்னத்தில் தட்டி எழுப்பினார். கண்ணைப் பார்த்தார். கரைக்கு வந்தபின் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உன்னை எனக்குப் பிடிக்காமலில்லை. ஆனால் இப்பிடி ஏத்தேலாது. சுகப்படுத்திக்கொண்டு வா."

அத்தானின் இடத்தில் இன்னொருவர் ஏறினார்.

அன்று அக்கா அவரின் சேட்டு மடிப்பில் தூளைக் கண்டெடுத்தார். அழவில்லை. அவருக்கு முன்னால் வைத்தார்.

"இதை விடுறதெண்டால் நான் இருப்பன். இல்லாட்டி வவுனியாவிலை பெரியக்கா வீட்டை போறன். பள்ளிக்கூடத்திலை இடம் கேக்கப்போறன். அடுத்த தவணை பிள்ளை அங்கைதான்."

"விடுறன்," என்றார்.

தானாக விடப் பார்த்தார். முடியவில்லை. முடியவில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் காணாமல் போவார். திரும்பி வரும்போது சுகமாக இருப்பார். சுகமாக வந்தால் எடுத்துவிட்டார் என்று நாங்கள் அறிந்துகொண்டோம். தவணை தொடங்க ஒரு கிழமைகூட இல்லாதபோது, ஊருக்கு வருகிற மருத்துவமாது இந்தக் கிளினிக்கைப் பற்றி அக்காவிடம் சொன்னார். அப்படித்தான் நானும் அவரும் அந்த வாங்கில் போய் இருந்தோம்.

டொக்டர் ஒரு இளம் பெண். ஆறுதலாகக் கதைத்தார்.

"இது நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை. உடம்பு தூளைத் தேடித் தவிக்கிறதை இது அடக்கும். ஆனால் தூள் இன்னும் உடம்பிலை இருக்கேக்கை தந்தால் திருப்பி அடிக்கும். தவிப்பெல்லாம் ஒரேயடியா வரும். அதாலை தூள் இறங்கி, குளிர், நோ எல்லாம் தொடங்கினாப் பிறகுதான் தருவம். விளங்குதோ?"

"விளங்குது, டொக்டர்."

"கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம்."

அது உண்மை.

"இப்ப குளிருதோ?"

"இல்லை."

"வயித்தாலை போகுதோ?"

"இல்லை."

"மூட்டு, முதுகு, எங்கையும் நோ?"

"ஒண்டுமில்லை."

டொக்டர் நாடி பிடித்தார். கண்ணுக்கு லைற் அடித்துப் பார்த்தார்.

"நாடி கடகடவெண்டு அடிக்குது. ஓடியே வந்தனீங்கள்?"

"ஓம்."

நாங்கள் பஸ்ஸில் வந்தவர்கள். சொல்ல வாய் எடுத்தேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். கடல் தொழில் செய்கிறவரின் மிதி. நான் வாயை மூடினேன்.

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "காலமை எடுத்திட்டு நேற்று எண்டு சொல்லுறாக்களும் இருக்கினம். உங்களைச் சொல்லேல்லை. ஆனால் நிச்சயமில்லாமல் நான் தரேலாது. மத்தியானம் வரைக்கும் இருங்கோ. திரும்பப் பாப்பம்."

வெளியில் ஓட்டோக்காரர் சத்தம் போட்டார்.

"மிஸீ! சாகப்போறன், மிஸீ! என்ரை ஓட்டோவை ஆர் ஓடுறது?"

அவரை உடனே கூப்பிட்டார்கள். கன நேரம் கழித்து வெளியே வந்தார். துவாய் தோளில் கிடந்தது. நடுக்கம் குறைந்திருந்தது. அத்தானுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அண்ணை, கத்துங்கோ. இஞ்சை கத்தினாத்தான் அலுவல் நடக்கும்."

"எனக்கு ஒண்டுமில்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்? வெத்திலை போடவோ?"

முஸ்லிம் ஆள் சிரித்தார். பேப்பருக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. அத்தான் எழும்பிக் கக்கூஸ் பக்கம் போனார். கன நேரமாகக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். பைப்படியில் நின்றார். சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். வேர்வை. பிறகு சட்டைப் பையிலிருந்து குளிசை எடுத்து விழுங்கினார். காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றோட்டத்துக்கு ஒன்று. ஊர்ப் பாமசியில் முதலே வாங்கி வைத்திருக்கிறார். ஈரச் சட்டையைத் திரும்பப் போட்டார். கைப் பொத்தானைப் பூட்டினார்.

"என்ன, அத்தான், உது?"

"நீ போய் இரு."

மத்தியானம் டொக்டர் திரும்பக் கேட்டார். அவர் திரும்ப 'ஒண்டுமில்லை' என்றார். ஒன்றும் எடுக்காமல் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

பஸ் வல்லை வெளியால் போகும்போது சொப்பிங் பைக்குள் சத்தி எடுத்தார். முன்சீற்றுக் கிழவி திரும்பிப் பார்த்தார்.

"பஸ் குலுக்குது," என்றார் அத்தான்.

அன்று பின்னேரம் வீட்டிலிருந்து காணாமல் போனார். திரும்பி வரும்போது சுகமாக வந்தார். அக்கா கதிரை வைத்து ஏறி, அலுமாரிக்கு மேலே கிடந்த சூட்கேசை இறக்கினார்.

அடுத்த நாள் போய்ப் பயனில்லை, தூள் உள்ளே இருந்தது. அதற்கடுத்த நாளுக்கு விட்டோம். இடையில் நின்ற அந்தப் பகலில் நான் தொழிலுக்குப் போகவில்லை. அவரோடு இருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எழும்பிப் போக முயலவில்லை. பாய் நனைந்திருந்தது.

"ஏன், அத்தான்? டொக்டர் கேக்கக் கேக்க இல்லை எண்டியள்?"

 சுவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நோகுது எண்டால் ஏத்தமாட்டினம்."

"என்ன?"

"வருத்தக்காரன் எண்டு வாட்டிலை போட்டிடுவினம். இல்லாட்டி சுகப்படுத்திக்கொண்டு வா எண்டு திருப்பி அனுப்புவினம். சம்மாட்டி அப்பிடித்தானே சொன்னவர்."

"டொக்டர் விளங்கச் சொன்னவவெல்லே?"

"சொன்னவ. விளங்கினது. கேக்கேக்கை எனக்கு வாயிலை வருகுதில்லை."

நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா பிள்ளையின் பள்ளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒரு சட்டையைக் கையில் வைத்தபடி நின்றார்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றார்.

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். பஸ் ஏற முதல் அக்கா அவரின் சட்டைப் பைக்குள் கை விட்டுப் பார்த்தார். காய்ச்சல் குளிசையை எடுத்து வேலிக்கு அங்கால் எறிந்தார்.  அதே நீளக்கைச் சட்டை.

டொக்டர் கேட்டார். "இண்டைக்கு எப்பிடி இருக்கு?"

"பரவாயில்லை."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா கதிரையைத் திருப்பி அவருக்கு நேரே இருந்தார்.

"இஞ்சருங்கோ. இது எங்கடை கரையில்லை. இஞ்சை எல்லாம் மற்றப் பக்கம். நோகுறவனைத்தான் இவை ஏத்துவினம். சுகமா நிக்கிறவனைக் கரையிலை விட்டிட்டுப் போவினம். நான் இண்டைக்கு வீட்டை போய் சூட்கேசைப் பூட்டுறதோ, இல்லையோ? நீங்கள்தான் சொல்லவேணும்."

டொக்டருக்கு அது விளங்கியிருக்காது. 

அத்தான் கைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.  பொத்தான் வழுக்கியது. அக்கா உதவக் கையை நீட்டினார். மிஸி வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசியில் கழன்றது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே உருட்டினார். கை முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. உரித்த கோழித்தோல் மாதிரி இருந்தது.

"குளிருது," என்றார்.

"வேறை?"

"வயித்தாலை போகுது. இரவு தொடக்கம்."

"வேறை?"

"முதுகு தாங்கேலாமல் கிடக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "கன காலம்."

டொக்டர் நாடி பார்த்தார். கண் பார்த்தார். "இப்ப சரி. இப்ப தரலாம். முதுகையும் ஒருக்கால் படம் எடுத்துப் பாப்பம்," என்றார்.

மிஸி குளிசையைக் கொண்டு வந்தார். சின்னக் குளிசை.

"நாக்கைத் தூக்குங்கோ. விழுங்கக்கூடாது. தண்ணி குடிக்கக்கூடாது. கரையும்வரைக்கும் கதைக்கக்கூடாது."

"கதையாமல் இருக்கிறதெண்டால் இவருக்கு ஆரும் பழக்கத் தேவையில்லை, மிஸி," என்றார் அக்கா.

டொக்டர் சிரித்தார். அத்தானின் கண்ணும் சிரித்தது. வாயைத் திறக்கவில்லை.

மிஸி அவருக்கு முன்னால் குந்தினார். "விரலாலை காட்டுங்கோ. நோ ஒண்டுமில்லை எண்டால் சைபர். தாங்கவே ஏலாது எண்டால் பத்து. இஞ்சை வந்த நேரம் எத்தனை?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். பத்து விரலையும் விரித்தார். பிறகு ஒரு சின்ன விரலை மடக்கினார்.

அக்கா எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றார்.

எங்களை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அக்கா திரும்பி வந்து அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முகத்தில் ஒன்றும் அறிய முடியாது. காலைப் பார்த்தேன். இரண்டு காலும் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு கால் மட்டும் ஆடியது. பிறகு அதுவும் நின்றது. அவர் முதுகைச் சுவரில் சாய்த்தார். அவர் எங்கேயாவது சாய்ந்து இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மிஸி வந்தார்.

"கரைஞ்சிட்டுது. இனிக் கதைக்கலாம். இப்ப எத்தனை?"

அவர் வாயைத் திறந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் யோசித்தார்.

"நாலு."